திங்கட்கிழமைக் காய்ச்சல்

என் கணவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் காய்ச்சல் வரும். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, மறுநாள் மதியத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆறு மாதம் இதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் மனத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தி, தீர்ப்பும் எழுதிவிட்டேன். மனுஷன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் தீர்ப்பு.

நான் அவசரக்காரி. ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பை ஒன்றும் இல்லாததிலிருந்து எழுதவில்லை. பதினைந்து வருஷம் அவர் குடித்ததைப் பார்த்தவள் நான். வாரம் முழுவதும் ஒழுங்காக வேலைக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுந்து கிடப்பார். திங்கட்கிழமை கை நடுங்கும், தலை வலிக்கும், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது, சோற்றில் ருசி இல்லை என்பார். மகள் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வாரம், எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டார். மூன்று வருஷம் ஒரு சொட்டு இல்லை. நானும் மெதுவாக நம்ப ஆரம்பித்திருந்தேன்.

நாங்கள் இருப்பது ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில். அவர் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பிறந்த இடத்திலேயே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்பார். அப்படிப்பட்ட ஆள்தான். கோபம் என்று வந்தால் அது என்னிடமிருந்துதான் வரவேண்டும்.

அவர் வெல்டர். வெகுகாலம் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் இருந்தார். போன வருஷம் அது மூடியதும், ஈப்போவில் வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வேறொரு பட்டறைக்கு மாறினார். மாறிய இரண்டாவது மாதத்தில் இந்தத் திங்கட்கிழமைக் கூத்து ஆரம்பமானது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு உட்காருவார். ஏழு மணிக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் கிட்டும். நெஞ்சை ஏதோ கட்டிப் பிடித்த மாதிரி இருக்கிறது என்பார். காசை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி நாக்கில் ஒரு இனிப்பு, ஒரு கசப்பு என்பார். தாகம், தலைவலி, நடுக்கம். நான் பதினைந்து வருஷம் பார்த்த அதே திங்கட்கிழமை, ஒரு அடையாளம்கூடக் குறையவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போயிருப்பார். நாலு ஆம்பிளைகள் குட்டைக்கரையில் உட்கார்ந்து வெறும் மீனையா பிடிப்பார்கள் என்று எனக்குள் ஒரு வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட்டால், பட்டறையில் புகை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது என்பார். புகையாம் புகை. வெல்டருக்குப் புகை புதுசா? குடித்த காலத்தில் அவர் சொல்லாத சாக்கு உண்டா? சளி, வெயில், மத்தியானம் தின்ற மீன் கறி, இப்போது புகை.

பால் விஷயம்தான் என்னை உறுதியாக முடிவெடுக்க வைத்தது. ஒரு திங்கட்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிள் கூடையில் இரண்டு காலி பால் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். அடுத்த வாரமும் பார்த்தேன். இந்த மனுஷனுக்குச் சின்ன வயசிலிருந்தே பால் ஆகாது, காப்பியைக்கூட வெறுமையாகத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவர் ஏன் வீட்டுக்கு வரும் வழியில் பால் குடிக்கிறார்? வாய் நாற்றத்தை மறைக்கத்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அன்றைக்கு வாசலிலேயே நிறுத்தினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஊதுங்கள் என்றேன். ரோட்டில் போலீஸ்காரன் சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆட்கள் நின்றார்கள். பிறகு ஊதினார். பால் வாசம்தான் வந்தது. அது எனக்குப் போதவில்லை.

"பட்டறையில எல்லாரும் குடிப்பாங்க லா. பொக உள்ள போனா பால்தான் மருந்து," என்றார்.

பால் மருந்தாம். நான் நம்பவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ஊதல் ஒரு சடங்காகிவிட்டது. அவரும் மறுக்காமல் ஊதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். மறுக்காமல் இருந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்வது.

சித்தியவானில் இருக்கும் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தியம் செய்தபோதே நான் சொல்லியிருந்தேன், இன்னொரு தடவை குடித்தால் இந்த வீட்டில் நான் இல்லை என்று. அக்காவோ, வந்துவிடு, இங்கே ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது என்றாள். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் சித்தியவான் முழுக்கச் சொன்ன மாதிரி. அதுவும் தெரிந்துதான் சொன்னேன். தீபாவளி முடியட்டும், மகள் வந்து சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், பிறகு கிளம்புகிறேன் என்று நாளும் குறித்தேன். துணியெல்லாம் ஒரு பெட்டியில் போய்விட்டது. இருபத்துமூன்று வருஷக் குடும்பத்தை ஒரு பெட்டியில் வைத்து மூடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த அளவுக்குக் கோபம்.

தீபாவளி அந்த முறை திங்கட்கிழமை வந்தது. பட்டறையில் பாதிப் பேர் நம்மவர்கள் என்பதால் சனி முதல் செவ்வாய் வரை லீவு. நானும் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் சொல்லி லீவு எடுத்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் நான் செய்த காவலை எந்தச் சிறைச்சாலையிலும் செய்ய மாட்டார்கள். மீன் பிடிக்க அனுப்பவில்லை. கடைக்குப் போனால் கூடவே போனேன். விருந்தாளிகள் வந்தால் அவர் குடித்து வைத்த தம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு சோடாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டார், மகளோடு சேர்ந்து டிவி பார்த்தார், ஒரு தும்மல்கூட இல்லை. பார், பிடித்து வைத்தால் எப்படி இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள்.

புதன்கிழமை காலை அவர் வேலைக்குப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். ஏழு மணிக்கு நடுங்க ஆரம்பித்தார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். அதே போர்வை, அதே பல் கிட்டல், அதே தாகம். ஆனால் இது திங்கட்கிழமை இல்லை. நேற்று குடித்திருக்க வழியே இல்லை. முந்தாநாளும் இல்லை. நாலு நாளாக நானே காவல். இன்றைக்குக் காலையில் போன இடம் பட்டறை ஒன்றுதான். எனக்குள் இருந்த வக்கீல் பிடித்த சாட்சி நான்தான், அந்தச் சாட்சி அவர் பக்கம் பேசிவிட்டது.

இவ்வளவு நாள் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மனுஷனுக்கு என்னவோ ஒன்று நடக்கிறது, ஆறு மாதமாக நடக்கிறது, நான் அவரை வாசலில் நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டதால் எதற்கு வீண் அலைச்சல் என்றார். நான் விடவில்லை. டாக்டர் நம் தமிழ்ப் பெண், மகளைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மருந்து எழுதப் பேனாவை எடுத்தார், எழுதுமுன் என்ன வேலை என்று கேட்டார். வெல்டர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்ன இரும்பு என்பது அடுத்த கேள்வி. ஒரு டாக்டர் இரும்பைப் பற்றி விசாரிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கணவருக்கோ உற்சாகம் வந்துவிட்டது. பழைய பட்டறையில் கறுப்பு இரும்பு, இங்கே எல்லாம் ஜி.ஐ., துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் பூசி வரும், அதைப் பற்றவைக்கச் சுட்டால் வெள்ளையாகப் புகை கிளம்பும் என்று விலாவாரியாகச் சொன்னார்.

அந்த வெள்ளைப் புகைதான் காய்ச்சல் என்றார் டாக்டர். மூச்சில் உள்ளே போன சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், நாக்கில் உலோக ருசி எல்லாம் வரும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும். வாரம் முழுக்கப் புகையில் நின்றால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், ஒன்றிரண்டு நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திரும்பப் போகிற முதல் நாளே காய்ச்சல் பிடிக்கும். அதனால்தான் திங்கட்கிழமை. லீவு முடிந்து போனதால்தான் புதன்கிழமை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடம்பு பழகிவிட்டது என்றால் கெடுதல் இல்லை என்று அர்த்தம் இல்லை என்றும் சொன்னார். வருஷக்கணக்கில் வெல்டிங் புகையை இழுப்பவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போகலாம், அதனால் நெஞ்சுப் படமும் மூச்சுச் சோதனையும் எடுத்தே ஆகவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

என் கணவர் பாலைப் பற்றிக் கேட்டார். பட்டறையில் எல்லோரும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்றார்.

"பால் குடிங்க அண்ணே, தப்பில்ல. ஆனா அது வயித்துக்குத்தான் போகும். பொக போற எடத்துக்குப் போகாது," என்றார் டாக்டர்.

என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. பிடிக்காத பாலை ஆறு மாதமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறார், பாவம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. முடித்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே வரக்கூடாது என்று முன்பக்க இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். அவரோடு சேர்த்து ஐந்து பேர் ஆளுக்கொரு கேட்டின் மேல் குனிந்திருந்தார்கள். முகத்துக்கு முன்னால் கண்ணாடிக் கவசம் இருந்தது, அது கண்ணுக்குத்தான். மூக்குக்கு ஒன்றும் இல்லை. சுடுகிற இடத்திலிருந்து புகை நேரே மேலே எழுந்து அவர்கள் மூஞ்சியில் படிந்தது. மாவு சலித்த இடம் போல எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்தூள். என் கணவரின் புருவம்கூட நரைத்திருந்தது. ஓரத்தில் ஒரு மேசையில் பால் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன, பூசைக்கு வைத்த மாதிரி.

பட்டறை முதலாளியை எல்லோரும் தவுக்கே என்பார்கள், எழுபது வயசுச் சீனக் கிழவர். நல்ல மனுஷர் என்றுதான் வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மலாயில் பேசினேன், எனக்குக் கோபம் வந்தால் மலாய் தமிழைவிடச் சரளமாக வரும். ஆறு மாதமாக என் வீட்டில் நடப்பதைச் சொன்னேன். அவர் சிரித்தார். முப்பது வருஷமாக இதே புகையில்தான் நிற்கிறேன், பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினால் சரியாகிவிடும், புதுசாக வருகிறவனுக்கு எல்லாம் வருவதுதான் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது லேசில் நிற்கவில்லை.

இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு என் பையிலிருந்து தொழிற்சாலை முகக்கவசத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். நான் பிஸ்கட் அடுக்குகிறவள், தவுக்கே. என் மூச்சு பிஸ்கட் மேல் படக்கூடாது என்று தினமும் எனக்கு இதைக் கொடுக்கிறார்கள். ஒரு பிஸ்கட்டுக்குக் கிடைக்கிற மரியாதை என் புருஷன் நெஞ்சுக்குக் கிடையாதா என்று கேட்டேன். இப்போது அவர் சிரிக்கவில்லை. வெல்டிங் சத்தமும் நின்றுபோயிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் இந்தப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. விழுங்கவேண்டியது என்னையா அவரையா என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பொண்டாட்டி வந்து சண்டை போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்று பட்டறையில் கிண்டலாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தவுக்கே யோசித்திருக்கிறார். அடுத்த வாரமே பின்சுவரை உடைத்து, புகையை வெளியே இழுக்கிற பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். மழை என்றாலும் முன்கதவை இறக்குவதில்லை, சாரல் படுகிற இடத்துக்கு மேலே தகரத்தை நீட்டிவிட்டார். பற்றவைக்கிற இடத்தில் மட்டும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் சுடவேண்டும் என்று ஏற்பாடானது. இரண்டு பக்கமும் உருண்டையாக வடிகட்டி வைத்த மூச்சுக்கவசம் ஆளுக்கொன்று வந்தது, பிஸ்கட்காரி போடுகிற துணி இதற்குப் பற்றாதாம். தவுக்கேயே ஒன்றை மாட்டிக்கொண்டு உலாத்துவதாக இவர் சொன்னார். முதல் சில நாள் என் கணவர் அதைக் கழுத்தில் மாலையாகத்தான் போட்டிருந்தார். தவுக்கே மூக்கில் ஏறிய பிறகுதான் இவர் மூக்கிலும் ஏறியது.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்தார். ஏழு ஆனது, எட்டானது. நான் போர்வையைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். புளிப்பு சரியாக இருக்கிறது என்றார். நாக்கு திரும்பி வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு நடந்தும் நான் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து துணியை அலமாரியில் அடுக்கினேன். தினமும் அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். வாசலில் நிறுத்துவதை விட்டேன். வாய் மட்டும் வரவில்லை. தப்பு செய்தது அவராக இருந்தே எனக்குப் பழக்கம்.

போன மாதம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை. ஒரு குழாயை வாயில் வைத்து, இருக்கிற காற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஊதச் சொன்னார்கள். வீட்டில் நல்ல பயிற்சி என்று அவர் அந்த நர்ஸிடம் சொன்னார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குக் காது மடல் வரை சுட்டது. மூன்று முறை ஊதினார். படத்தையும் தாளையும் பார்த்த அந்த ஆஸ்பத்திரி டாக்டர், இந்த வயசுக்கு இருக்கவேண்டிய மூச்சைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது, போனது முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, ஆனால் இப்படியே புகையிலிருந்து காத்துக்கொண்டால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து ஊதவேண்டும். பெரிய வியாதி எதுவும் இல்லை. எனக்கு அது போதும், அங்கேயே கும்பிட்டுவிட்டேன்.

வெளியே கேண்டீனில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். எனக்குத் தே தாரிக் என்னும் பால் தேநீர், அவருக்குப் பால் இல்லாத காப்பி. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல அவர் சொன்னார். நான் ஊதச் சொல்ல ஆரம்பித்த மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, வேலை முடிந்து, முன்பு குடித்துவந்த அந்தப் பழைய கடைக்குப் போனாராம். எப்படியும் குடிகாரன் என்றுதான் பேர், குடித்துவிட்டே அந்தப் பேரை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியதாம். பீர்ப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டாராம்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு என்ன ஆனது என்று கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"குடிச்சிட்டா நீ சொன்னது உண்மையாயிடும்லா. அதான் வச்சிட்டு வந்திட்டேன்," என்றார்.

புகை அவர் நெஞ்சில் எவ்வளவு கெடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எவ்வளவு கெடுக்கப் பார்த்தேன் என்று எந்தத் தாளிலும் இல்லை. மூன்று வருஷம் அவர் தனியாகக் கட்டிக் காத்ததை, குடியை வெறுக்கிற நானே பிடித்துத் தள்ளி உடைத்திருப்பேன். அவர் உடைய விடவில்லை. அந்தச் சத்தியத்தை அன்றைக்கு அவர் சாமிக்காகக் காப்பாற்றவில்லை, நான் சொன்ன சொல் பொய்யாகவே இருக்கட்டும் என்று காப்பாற்றியிருக்கிறார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்றேன். சரி விடு, தே ஆறுது என்றார். அவர் விட்டாலும் எனக்கு அது போதவில்லை. அவரிடம் தனியாகச் சொல்லி என்ன பயன்? நான் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்த இடம் வேறு. போனை எடுத்து அங்கேயே, அவர் முன்னாலேயே, அக்காவைக் கூப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் பேசினேன்.

"அக்கா, நா சொன்னது பொய். அவரு குடிக்கல. ஒரு நாளும் குடிக்கல. நாந்தான் அநியாயமா சொல்லிட்டேன். நீ யார்யாருகிட்ட சொன்னியோ, அவங்க எல்லார்கிட்டயும் இதயும் சொல்லு."

அக்கா அந்தப் பக்கம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.